எமுலேட்டரில் இயங்கும் செயலி, கைத்தொலைபேசியில் மட்டும் சேவையகத்தை அடையாமல் நிற்கிறது

கேள்வி – ஹட்டன்

வணக்கம். நான் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். உயர்தரம் முடித்துவிட்டு மென்பொருள் டிப்ளோமா படித்து வருகிறேன். என் அம்மா கொழுந்து எடுக்கிறார். ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்குமாக எவ்வளவு கழித்தார்கள், அன்று முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா (அரைநாள் சம்பளமா) என்பதையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். மாத முடிவில் சம்பளச் சிட்டை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து நாங்கள் கூட்டிப் பார்ப்போம். போன மழையில் அந்தக் கொப்பி நனைந்து இரண்டு கிழமைக் கணக்கு மை கரைந்து போய்விட்டது. அதன் பிறகுதான் இதற்கென ஒரு செயலியைச் செய்யத் தொடங்கினேன். எங்கள் லயத்தில் இன்னும் ஆறேழு பேர் இதைப் பயன்படுத்தக் காத்திருக்கிறார்கள் என்பதால், எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

செயலி ஃப்ளட்டரிலும் (டார்ட் மொழியில் செயலி எழுதும் கருவித்தொகுதி), அதன் பதிவுகளை வாங்கிச் சேமிக்கும் சேவையகம் ஜாங்கோவிலும் (பைதன் மொழிக் கட்டமைப்பு) எழுதப்பட்டுள்ளன. சேவையகம் என் மடிக்கணினியிலேயே 8000 ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், ஓடுகிறது. மடிக்கணினி விண்டோஸ் 10, 4 ஜிபி நினைவகம். எமுலேட்டரில் (மடிக்கணினிக்குள்ளேயே ஓடும் போலித் தொலைபேசியில்) 10.0.2.2:8000 என்ற முகவரியைக் கொடுத்தபோது எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனால் எமுலேட்டரைத் திறந்தால் மற்ற எதையும் தொட முடியாத அளவுக்கு மடிக்கணினி திணறுவதால், அம்மாவின் தொலைபேசியைக் கேபிளில் இணைத்து அதிலேயே செயலியை ஓட்டத் தொடங்கினேன். அது அண்ட்ரொய்ட் 9. வீட்டில் வேறு இணைய இணைப்பு கிடையாது. அந்தத் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்தான் மடிக்கணினிக்கும் இணையம்.

தொலைபேசியில் 10.0.2.2 சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னர் 127.0.0.1 என்று மாற்றி ஓட்டினேன். உடனே பிழை வந்தது. பின்னர் ஐபிகொன்ஃபிக் கட்டளையில் பார்த்து, மடிக்கணினியின் முகவரியான 192.168.43.112 ஐக் கோப்பில் எழுதி, சேமித்து, ஹொட் ரீலோட் செய்தேன். அதே பிழைதான். செய்தியை எழுத்துக்கு எழுத்து இங்கே தருகிறேன்:

சொக்கெட் எக்செப்ஷன்: கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட், எர்நோ = 111, அட்ரஸ் = 127.0.0.1, போர்ட் = 43782

43782 என்ற எண்ணை நான் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. முழுத் திட்டத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். வேறு ஏதோ ஒரு மென்பொருள் போர்ட்டை மாற்றுகிறதோ என்று நேற்று இரவு முழுவதும் அதன் பின்னாலேயே அலைந்தேன். எங்கே தவறுகிறேன் என்று யாராவது சொல்வீர்களா?


மறுமொழி – கண்டி

தங்கச்சி, அண்ட்ரொய்ட் 9 முதல், அதாவது 2018 முதல், மறையாக்கம் செய்யப்படாத எச்டிடிபி இணைப்புகள் இயல்புநிலையில் தடுக்கப்படுகின்றன. உங்கள் சேவையகம் எச்டிடிபிஎஸ் அல்ல. ஆகவே செயலியின் அனுமதிகளைக் குறிக்கும் மனிஃபெஸ்ட் கோப்பில் கிளியர்டெக்ஸ்ட் (மறையாக்கமில்லாத இணைப்பு) அனுமதியை இயக்கிப் பாருங்கள். என் அலுவலகத் திட்டம் ஒன்றில் இதே சிக்கல் அப்படித்தான் தீர்ந்தது.


ஹட்டன்

நன்றி அண்ணா. தொலைபேசி இப்போது அம்மாவுடன் மலைக்குப் போய்விட்டது. அவர் மாலை ஐந்தரைக்குத் திரும்பியதும் செய்து பார்க்கிறேன்.


மறுமொழி – பண்டாரவளை

மாலை வரை நேரம் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மனிஃபெஸ்டை இப்போதைக்குத் தொட வேண்டாம், தங்கச்சி. கண்டியிலிருந்து எழுதிய நண்பர் சொன்ன தடை உண்மையானதுதான். ஆனால் அந்தத் தடையில் சிக்கும் அழைப்பு, கிளியர்டெக்ஸ்ட் அனுமதிக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே செய்தியில் சொல்லிவிடும். உங்கள் செய்தியில் அந்தச் சொல்லே இல்லை. அத்துடன், கொட்லின் மொழியில் எழுதும் செயலிகளும் ஃப்ளட்டருக்குள் திறக்கும் வெப்வியூவும் (இணையப்பக்கம் காட்டும் சாளரம்) அந்த விதிக்குக் கட்டுப்படுமே தவிர, டார்ட் மொழி நேரடியாக விடுக்கும் எச்டிடிபி அழைப்பு அந்த வழியாகப் போவதில்லை.

உங்களுக்கு வேண்டிய விடை நீங்கள் ஒட்டியிருக்கும் செய்தியிலேயே இருக்கிறது. முகவரி என்ன என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். 192.168.43.112 என்று மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் செயலி இன்னமும் 127.0.0.1 ஐத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் செய்த மாற்றம் தொலைபேசிக்குள் போய்ச் சேரவே இல்லை. முகவரியை ஒரு ஸ்டாட்டிக் மாறியாக வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஹொட் ரீலோட், ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் நிலையைக் கலைக்காமல் புதிய நிரலை மட்டும் உள்ளே செலுத்தும். ஸ்டாட்டிக் மாறிகளும் உலகளாவிய மாறிகளும் அந்த நிலையின் ஒரு பகுதியாகவே கருதப்படுவதால், ஒருமுறை பெற்ற மதிப்பை அவை விடுவதில்லை. டேர்மினலில் சிறிய ஆர் எழுத்தை அழுத்தினால் ரீலோட். பெரிய ஆர் எழுத்தை அழுத்தினால் ரீஸ்டார்ட். இந்த இடத்தில் உங்களுக்கு வேண்டியது பெரிய ஆர். மனிஃபெஸ்ட் போன்ற அண்ட்ரொய்ட் கோப்புகளை மாற்றினால் அதுவும் போதாது. செயலியை நிறுத்தி மறுபடியும் முழுமையாகக் கட்டி ஓட்ட வேண்டும்.

அந்த 43782 பற்றி. அது உங்கள் சேவையகத்தின் போர்ட் அல்ல. ஒரு இணைப்பைத் தொடங்கும்போது தொலைபேசியும் தன் பக்கத்தில் ஒரு தற்காலிகப் போர்ட்டைத் திறக்கிறது. டார்ட் அந்த எண்ணைத்தான் பிழைச்செய்தியில் அச்சிடுகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் அது மாறும். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள். இதை நம்பி இரவு முழுக்க அலைந்தவர் நீங்கள் மட்டுமல்ல. நானும் ஒரு காலத்தில் அலைந்தேன். செய்தியை எழுதியவர்கள் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இனி, ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு வருவோம். 127.0.0.1 என்பது எந்தக் கருவியில் உச்சரிக்கப்படுகிறதோ அந்தக் கருவியையே குறிக்கும். மடிக்கணினியில் சொன்னால் மடிக்கணினி. தொலைபேசியில் சொன்னால் தொலைபேசி. அம்மாவின் தொலைபேசியில் ஜாங்கோ ஓடவில்லை. ஆகவே அந்தத் தொலைபேசி தன் சொந்தக் கதவையே தட்டி, உள்ளே எவரும் இல்லை என்று உடனே பதில் சொல்லிவிட்டது. எமுலேட்டரில் மட்டும் 10.0.2.2 வேலை செய்ததற்கும் காரணம் இருக்கிறது: எமுலேட்டருக்குள் இருந்து மடிக்கணினியின் 127.0.0.1 ஐ எட்டுவதற்காகவே ஒதுக்கி வைக்கப்பட்ட சிறப்பு முகவரி அது. உண்மையான தொலைபேசிக்கு அதில் எந்தப் பொருளும் இல்லை. அதனால்தான் அங்கே பதிலே வராமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுக்கப்பட்டதற்கும் பதில் வராமல் போனதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து பிடித்துக்கொள்ளுங்கள். 111 என்று உடனே திரும்பி வந்தால், அழைப்பு ஒரு கருவியைப் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க எவரும் இல்லை என்று பொருள். அந்த நிலையில் சேவையகம் ஓடுகிறதா, சரியான போர்ட்டா, சரியான கருவியா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கும் மேலாக இழுத்தடித்து 110 என்று வந்தால், வழியில் யாரோ அழைப்பைச் சத்தமின்றி விழுங்கிவிட்டார்கள், அல்லது அந்த முகவரியில் கருவியே இல்லை என்று பொருள். அப்போது ஃபயர்வோலையும் (வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வடிக்கும் காவல் மென்பொருள்) வலையமைப்பையும் பாருங்கள். இன்று மாலை பெரிய ஆரை அழுத்தியதும் எந்த எண் வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் அதனுடன் சேர்த்து மாற்ற வேண்டாம்.


ஹட்டன்

அக்கா, நீங்கள் சொன்னது சரி. முகவரி ஒரு ஸ்டாட்டிக் மாறியில்தான் இருந்தது. பெரிய ஆரை அழுத்தியதும் செய்தி மாறிவிட்டது. இப்போது எர்நோ 110, அட்ரஸ் 192.168.43.112. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகவே எடுத்தது. போர்ட் எண் 51206 என்று வந்திருக்கிறது, மறுமுறை 51344. சேவையகத்தின் கறுப்புச் சாளரத்தில் ஒரு வரிகூட விழவில்லை.


மறுமொழி – பண்டாரவளை

நல்லது. இப்போது அழைப்பு தொலைபேசியை விட்டு வெளியே வந்துவிட்டது.

அந்தக் கறுப்புச் சாளரத்தில் சேவையகம் தொடங்கும்போது விழும் வரியை வாசியுங்கள். 127.0.0.1:8000 இல் தொடங்குகிறது என்று இருக்கும். சேவையகத்தைத் தொடங்கும் ரன்சேர்வர் கட்டளையை வெறுமனே கொடுத்தால் ஜாங்கோ மடிக்கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே செவி கொடுக்கும். வெளியிலிருந்து வருவதையும் கேட்க வேண்டுமானால் அதே கட்டளையின் பின்னால் 0.0.0.0:8000 என்று சேர்க்க வேண்டும். 0.0.0.0 என்பது எல்லா வாசல்களிலும் கேள் என்ற கட்டளை மட்டுமே. அதையே எடுத்துச் செயலியில் முகவரியாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது ஃபயர்வோல். விண்டோஸ் ஒரு புதிய வைஃபை இணைப்பைப் பொது வலையமைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பொது வலையமைப்பில் வெளியிலிருந்து வரும் அழைப்புகளைப் பதில் எதுவும் கொடுக்காமல் கைவிடும். உங்களுக்கு 111 வராமல் 110 வந்ததற்குக் காரணம் அதுதான். ஹொட்ஸ்பொட் உங்கள் வீட்டுத் தொலைபேசியுடையது என்பதால், அந்த இணைப்பின் பண்புகளுக்குள் போய் அதைத் தனியார் வலையமைப்பாக மாற்றி, பைதனுக்குத் தனியார் வலையமைப்பில் மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வோலை முழுவதுமாக அணைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். நாளை அதே மடிக்கணினியை வகுப்பிலுள்ள வைஃபையில் இணைக்கப் போகிறீர்கள்.

இதன் பிறகு செயலியைத் திறக்காமல், தொலைபேசியின் உலாவியில் 192.168.43.112:8000 என்று தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஜாங்கோவின் பிழைப்பக்கம் ஒன்று வரும்: இந்த முகவரி அலவ்ட் ஹோஸ்ட்ஸ் (அனுமதிக்கப்பட்ட முகவரிகள்) பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று, 400 என்ற எண்ணுடன். அதைக் கண்டு மனம் சோர வேண்டாம். உங்கள் அழைப்பு ஜாங்கோவின் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. பட்டியல் வெறுமையாகவும் டீபக் (பிழை தேடும் நிலை) இயங்கிக்கொண்டும் இருந்தால் ஜாங்கோ லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 போன்ற பெயர்களை மட்டுமே ஏற்கும். செட்டிங்ஸ் கோப்பில் உங்கள் முகவரியைச் சேர்த்தால் போதும்.

இவ்வளவையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். உண்மையில் உங்கள் வீட்டு நிலைமைக்கு இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஹொட்ஸ்பொட்டை அணைத்துப் போடும்போதெல்லாம் மடிக்கணினியின் முகவரி மாறக்கூடும். மழையோடு மின்சாரமும் போய்ப் போய் வரும் நம் பகுதியில் அது ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செயலியை ஏற்றுவதற்காக ஏற்கனவே ஒரு கேபிளைச் செருகி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கேபிள் வழியாகவே அழைப்பையும் அனுப்பலாம். ஏடிபி என்பது மடிக்கணினியிலிருந்து அண்ட்ரொய்ட் தொலைபேசிக்குக் கட்டளையிடும் கருவி. டேர்மினலில் ஏடிபி ரிவர்ஸ் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு டிசிபி:8000 என்பதை இரண்டு தடவை கொடுங்கள். முதலாவது தொலைபேசியின் போர்ட், இரண்டாவது மடிக்கணினியின் போர்ட். அதன் பின்னர் தொலைபேசி தன் 127.0.0.1:8000 ஐத் தட்டினால் அது கேபிளின் ஊடாக மடிக்கணினியின் 8000 க்கு வந்து சேரும். ஃபயர்வோல் குறுக்கே வராது, 0.0.0.0 தேவையில்லை, பட்டியலில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, டேட்டாவும் செலவாகாது. அண்ட்ரொய்ட் 5 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆகவே செயலியில் முகவரியை மீண்டும் 127.0.0.1:8000 ஆக்கி, பெரிய ஆரை அழுத்துங்கள்.


ஹட்டன்

அக்கா, நேற்று இரவு வேலை செய்தது! முதலில் நீங்கள் சொன்னபடி உலாவியில் பார்த்து, அந்த 400 பக்கத்தையும் கண்டுவிட்டுத்தான் கேபிள் வழிக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, அன்றைய மூன்று நிறுவைகளையும் அவரே தட்டினார்: 7.2, 8.4, 5.1. மூன்றாவதைச் சேமித்ததும் கறுப்புச் சாளரத்தில் மூன்றாவது போஸ்ட் (பதிவை அனுப்பும் அழைப்பு) வரி 201 என்று விழுந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டார்; பதிந்தாயிற்று என்று சொன்னேன்.

ஆனால் இரண்டு விடயங்கள் மீதமிருக்கின்றன. நேற்று இரவு வேலை செய்தது இன்று மாலை மறுபடியும் 111 என்று வந்துவிட்டது. எந்தக் கோப்பையும் நான் மாற்றவில்லை.

மற்றது, திகதி. அம்மா ஜூன் 12 என்று தெரிவு செய்து பதிந்த கணக்கு பட்டியலில் ஜூன் 11 இன் கீழ் நிற்கிறது. சோதனைக்காக ஜூன் 1 க்கு ஒன்றைப் பதிந்தேன்; அது மே மாதத்துக்கே போய்விட்டது. எமுலேட்டரில் ஓட்டிய காலத்தில் இந்தப் பட்டியல் பக்கத்தை நான் எழுதியிருக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை. கிலோ ஒன்றிரண்டு பிசகினால்கூடப் பேசிக்கொள்ளலாம். ஒரு நாளே இடம்மாறி நின்றால் எந்த நாள் அரைப்பேர் விழுந்தது என்று செக்ரோலோடு (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேடு) ஒப்பிடவே முடியாது. இதை எங்கிருந்து தேடத் தொடங்குவது?


மறுமொழி – பண்டாரவளை

முதலாவதற்கு ஒரே வரி: கேபிளைக் கழற்றியதும் ரிவர்ஸ் ஏற்பாடும் போய்விடும். அம்மா காலையில் தொலைபேசியை எடுத்துச் செல்கிறார். மாலையில் செருகியதும் அந்தக் கட்டளையை மறுபடியும் கொடுங்கள். செயலியை ஓட்டும் கட்டளையோடு சேர்த்து ஒரு சிறிய பட்ச் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் மறக்காது.


மறுமொழி – பதுளை

திகதிக்கு நான் பதில் எழுதுகிறேன். சம்பளக் கணக்கு மென்பொருளில் இதே பிழையை நான் இரண்டு இடங்களில் திருத்தியிருக்கிறேன். எந்த ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் உள்ளே அமர்ந்துகொள்ளும் பிழை என்பதால், 111 ஐயும் 110 ஐயும் விட இதற்குத்தான் நான் அஞ்சுவேன்.

திகதித் தெரிவுப் பெட்டியில் ஜூன் 12 ஐத் தொட்டால் ஃப்ளட்டர் உங்களுக்குக் கொடுப்பது வெறும் திகதியை அல்ல. ஜூன் 12, நள்ளிரவு 00:00 மணி, இலங்கை நேரம் என்ற ஒரு கணத்தை. சேவையகத்துக்கு அனுப்புமுன் அதை யூடிசி எனும் உலகப் பொது நேரமாக மாற்றி அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். இலங்கை நேரம் யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. நள்ளிரவிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் ஜூன் 11 மாலை 18:30. உங்கள் தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். எல்லாப் பதிவுகளும் 18:30:00 என்றே முடிந்திருக்கும். ஜாங்கோவில் புதிய திட்டம் தொடங்கும்போது செட்டிங்ஸ் கோப்பில் நேர வலயம் யூடிசி என்றே இருக்கும். ஆகவே பட்டியல் பக்கம் அந்தக் கணத்தின் திகதியைக் கேட்டால் 11 என்ற பதிலே வரும். ஜூன் 1 மே 31 ஆவதும் இதனால்தான்.

நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று மாற்றினால் பட்டியல் சரியாகத் தோன்றும். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அம்மாவின் கொப்பியில் எழுதியிருப்பது ஒரு நாள். அது ஒரு கணம் அல்ல. நாளை நாளாகவே வையுங்கள். ஜாங்கோ மாடலில் (பதிவின் புலங்களை வரையறுக்கும் நிரலில்) நேரமும் சேர்ந்த டேட்டைம்ஃபீல்ட் இருக்கும் இடத்தில் நாளை மட்டும் வைக்கும் டேட்ஃபீல்டைப் போடுங்கள். செயலியிலிருந்து ஆண்டு, மாதம், நாள் மட்டும் கொண்ட 2025-06-12 போன்ற ஒரு சரத்தை அனுப்புங்கள். எந்த இடத்திலும் யூடிசிக்கு மாற்றாதீர்கள். அப்போது தொலைபேசியின் நேர வலயம் தவறாக இருந்தாலும் தெரிவு செய்த நாள் நகராது. எந்த நேரத்தில் பதியப்பட்டது என்பதும் வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு புலம் வைத்து, அதை மட்டும் யூடிசியில் சேமியுங்கள்.

எங்கள் நேரம் எப்போதும் இப்படியே இருந்ததும் இல்லை. 1996 இல் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தோம். ஐந்தரை என்ற எண்ணைக் கையால் கூட்டியும் கழித்தும் நிரல் எழுதாமல் வலயத்தின் பெயரைக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்கனவே பதிந்த பதிவுகளை அழித்துவிட வேண்டாம். மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் நிரல்) எழுதும்போது ஒவ்வொரு கணத்தையும் முதலில் கொழும்பு நேரத்துக்கு மாற்றி, அதன் பிறகு நாளை மட்டும் எடுங்கள். புலத்தின் வகையை நேரடியாக மாற்றினால் தவறான நாளே நிரந்தரமாகிவிடும். தரவுத்தளக் கோப்பை முன்கூட்டியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோவை எந்த வகையில் சேமிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஃப்ளோட் (தோராயத் தசம எண்) என்றால் மாற்றுங்கள். 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் கணினி சரியாக 0.3 ஐத் தருவதில்லை. நாளுக்கு மூன்று நிறுவை, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று கூட்டிக்கொண்டு போகையில் கடைசித் தசமத்தில் ஒரு நெளிவு வரும். தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல்ஃபீல்ட் போடுங்கள், அல்லது 7.2 கிலோவை 7200 கிராம் என்று முழு எண்ணாக வையுங்கள். சிட்டையோடு ஒப்பிட்டு ஒருவரிடம் நியாயம் கேட்கப் போகும் கணக்கு இது. அதன் கூட்டுத்தொகை எவரும் விரல் நீட்ட முடியாதபடி இருக்க வேண்டும்.


மறுமொழி – கண்டி

முன்னர் நான் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பதை ஏற்கிறேன். செய்தியை முழுமையாக வாசிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் மனிஃபெஸ்ட் கோப்பு இன்னொரு இடத்தில் உங்களுக்குத் தேவைப்படும். அயலவர்களுக்குக் கொடுப்பதற்காக ரிலீஸ் (வெளியிடும்) வடிவில் ஏபிகே (நிறுவும் கோப்பு) கட்டும்போது, பிரதான மனிஃபெஸ்டில் இன்டர்நெட் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளட்டர் அந்த அனுமதியை டீபக், ப்ரொஃபைல் ஆகிய இரண்டு கோப்புகளில் மட்டுமே தானாக எழுதி வைக்கிறது. உங்கள் கையில் நாள் முழுக்க ஓடிய செயலி, ரிலீஸ் வடிவில் ஒரு அழைப்பைக்கூட அனுப்பாமல் நின்றுவிடும்.


ஹட்டன்

தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாமே 18:30:00. பதுளை அண்ணா சொன்னபடி டேட்ஃபீல்டாக மாற்றி, மைக்ரேஷனில் கொழும்பு நேரத்துக்குக் கொண்டுவந்து நாளை எடுத்தேன். ஜூன் 1 ஜூனுக்கே திரும்பிவிட்டது. கிலோவும் இப்போது கிராமில் இருக்கிறது. மனிஃபெஸ்டில் அந்த வரியையும் சேர்த்துவிட்டேன், கண்டி அண்ணா.

அம்மா ஒன்று கேட்டார்: மலையில் நிற்கும்போதே, கங்காணி தராசைப் பார்த்துச் சொன்ன அந்த நிமிடத்திலேயே பதிய முடியுமா என்று. மடிக்கணினி வீட்டில்தானே இருக்கிறது. மேல் மலையில் சிக்னலும் கிடையாது. இந்தச் சேவையகத்தை எங்காவது வாடகைக்கு ஏற்றினால் சரிவருமா?


மறுமொழி – பண்டாரவளை

ஏற்றினாலும் சிக்னல் இல்லாத இடத்தில் அது உதவாது. பதிவை முதலில் தொலைபேசிக்குள்ளேயே வையுங்கள். ஃப்ளட்டரில் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்த எஸ்கியூஎஃப்லைட் என்ற பொதி இருக்கிறது. அம்மா தட்டியதும் அதில் எழுதப்பட வேண்டும். பதிந்தாயிற்று என்ற செய்தியை அந்த நொடியிலேயே காட்ட வேண்டும். சேவையகத்துக்கு அனுப்புவதை, வீட்டுக்கு வந்து இணைப்புக் கிடைத்த பிறகு பின்னணியில் செய்துகொள்ளலாம். இன்று நீங்கள் கேபிள் வழியாக ஓட்டிக்கொண்டிருப்பதும் அதே சேவையகம்தான். அதை எங்கே வைப்பது என்பதைப் பிறகு தீர்மானித்தால் போதும்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். அனுப்பிய பதிவு சேவையகத்தில் விழுந்து, 201 என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துபோனால், அது போகவில்லை என்று நினைத்துச் செயலி அதே பதிவை மறுபடியும் அனுப்பும். 7.2 கிலோ இரண்டு தடவை ஏறி நிற்கும். ஆகவே பதிவு உருவாகும் அந்தக் கணத்திலேயே தொலைபேசி அதற்கு ஒரு யூயூஐடி, அதாவது வேறெந்தப் பதிவுக்கும் வராத ஓர் அடையாளம், கொடுக்கட்டும். ஜாங்கோ மாடலில் அந்தப் புலத்தை யுனீக் (ஒன்றே ஒன்று) என்று வையுங்கள். அதே அடையாளத்துடன் இரண்டாவது முறை வந்தால் சேவையகம் புதிதாக எழுதாமல், ஏற்கனவே இருக்கிறது என்று பதில் சொன்னால் போதும். இதைச் சோதிப்பதும் எளிது: பதிவை அனுப்பும் நேரத்தில் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், மறுபடி செருகி ரிவர்ஸ் கட்டளையைக் கொடுங்கள், பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.


ஹட்டன்

பத்துத் தடவை பிடுங்கிப் பார்த்தேன், அக்கா. பத்துத் தடவையும் ஒரே வரிதான். அம்மா நாளை காலை மலைக்கு இந்தத் தொலைபேசியோடும், கொப்பியோடும் போகிறார். இந்த மாதம் முழுவதும் இரண்டிலும் எழுதி, சிட்டை வரும் நாளில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். கழிவை ஒவ்வொரு நிறுவைக்கும் தனித்தனியாகக் குறிக்க ஒரு பெட்டி வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருக்கிறார். இன்று இரவு அதை எழுதுகிறேன்.